கோபமா, நோயா? ஈரல் நோய் முற்றிய துணையைப் புரிந்துகொள்வோம்



நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு நாம் நலம் விசாரிக்கச் செல்லும்போது, மனைவிமார்கள் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொல்வதுண்டு. "முன்னெல்லாம் இப்படி இல்லைங்க. இப்ப எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாரு. ராத்திரி பூரா தூங்குறதில்லை, பகல்ல எழுப்பினாலும் எழுந்திரிக்கிறதில்லை. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றாரு." சில வீடுகளில் இதையே கணவர் மனைவியைப் பற்றிச் சொல்கிறார். "வேலை செய்ய மனசில்லை, எல்லாத்தையும் மறந்துடுறா" என்று மாமியார் சொல்கிறார். மருத்துவச் சீட்டை வாங்கிப் பார்த்தால் அதில் 'சிரோசிஸ்' என்று எழுதியிருக்கிறது. அதாவது ஈரல் சுருக்கம்.

இந்தப் பாடத்தில் நாம் படிக்கப்போவது ஒரே விஷயம்தான். ஈரல் நோய் முற்றியவரிடம் தெரியும் குண மாற்றம் பல நேரங்களில் குணம் அல்ல, நோய். அதற்கு மருந்து உண்டு. அதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர், மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவர் அல்ல. கூடவே வாழும் கணவனோ மனைவியோதான்.

ஈரல் கெட்டால் மூளை ஏன் குழம்புகிறது?

நாம் உண்ணும் உணவு குடலில் செரிக்கும்போது அம்மோனியா உள்ளிட்ட சில கழிவுகள் உண்டாகின்றன. குடலிலிருந்து வரும் இரத்தம் நேராக ஈரலுக்குப் போகிறது. ஈரல் அந்த அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. அது சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இதுதான் அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் ஏற்பாடு.

சிரோசிஸில் ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிவிடுகிறது. கழிவைச் சுத்தம் செய்யும் திறன் குறைகிறது. இறுகிய ஈரலுக்குள் நுழைய முடியாத இரத்தத்தில் ஒரு பகுதி வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. சுத்தமாகாத இரத்தம் மூளையை அடையும்போது தூக்கம், நிதானம், ஞாபகம், பேச்சு எல்லாம் தடுமாறுகின்றன. மருத்துவர்கள் இதை 'ஹெபாடிக் என்செபலோபதி' என்கிறார்கள். ஈரல் நோயால் வரும் மூளைக் குழப்பம் என்று நாம் புரிந்துகொண்டால் போதும்.

இது பைத்தியம் அல்ல. சூனியமும் அல்ல. மனைவி மேல் உள்ள வெறுப்பும் அல்ல. பெரும்பாலும் உரிய சிகிச்சையில் சில நாட்களில் தெளிவு திரும்புகிறது. ஆனால் தாமதித்தால் மயக்கம் வரை கொண்டுபோய்விடும்.

"குடிப்பாரா?" என்ற கேள்வி

ஈரல் நோய் என்றதும் அக்கம்பக்கத்தில் எழும் முதல் கேள்வி இது. இந்தக் கேள்விக்குப் பயந்தே பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மறைப்பதால் உதவியும் கிடைப்பதில்லை, சிகிச்சையும் தள்ளிப்போகிறது.

சிரோசிஸுக்கு மது ஒரு காரணம். அது ஒன்றே காரணம் அல்ல. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்பு ஈரல், உடலின் எதிர்ப்பு சக்தி தன் ஈரலையே தாக்கும் நோய், பிறவியிலேயே வரும் சில கோளாறுகள் என்று காரணங்கள் பல. ஒருநாளும் மதுவைத் தொடாதவர்களுக்கும், வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத பெண்களுக்கும் இது வருகிறது. ஒருவருக்கு மதுவால்தான் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அவருடைய தவ்பா அவருக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளது. நோயாளியைப் பார்க்கப் போகும் நமக்கு அங்கே விசாரணை நடத்தும் வேலை இல்லை.

ஹெபடைடிஸ் பி காரணம் என்றால் துணையும் பிள்ளைகளும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக ஆறு மாதத்துக்குள் 3 ஊசி. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதாலோ, ஸலாம் சொல்லிக் கை கொடுப்பதாலோ இந்தக் கிருமி பரவாது. ரேஸர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றைப் பங்கிடக் கூடாது.

துணை கவனிக்க வேண்டியவை

மாற்றம் ஒரே நாளில் பெரிதாக வருவதில்லை. சிறியதாகத் தொடங்குகிறது.

முதலில் தூக்கம் தலைகீழாகிறது. இரவில் விழிப்பு, பகலில் தூக்கம். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், அல்லது காரணமில்லாத சிரிப்பு. கணக்கில் தவறு. கடை வைத்திருப்பவர் சில்லறையை மாற்றிக் கொடுக்கிறார். தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை திரும்பத் திரும்பக் குழம்புகிறது.

அடுத்த நிலையில் கிழமை, நேரம் மறக்கிறது. அஸர் நேரத்தில் ஃபஜ்ருக்கு எழுப்பவில்லையே என்று கோபப்படுகிறார். பேச்சு குழறுகிறது. சட்டைப் பொத்தான் மாறிப் போகிறது. இரண்டு கைகளையும் நேரே நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, "நில்" என்று சொல்வதுபோல வைக்கச் சொன்னால் கைகள் பறவைச் சிறகுபோல விட்டுவிட்டு அடித்துக்கொள்கின்றன. அதன் பிறகு எழுப்ப எழுப்பத் தூங்குவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, கடைசியாக மயக்கம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழிகள் இரண்டு உண்டு. ஒரு நோட்டில் தினமும் தேதி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத்து கோணலாகத் தொடங்கினால் பழைய பக்கத்தோடு ஒப்பிட்டாலே தெரியும். இரண்டாவது, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுவது. மருத்துவர்களும் பயன்படுத்தும் சோதனை இது. நல்ல நிலையில் இருக்கும்போது அவர் எத்தனை சொல்கிறார் என்று குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கை சட்டென்று குறைந்தால், அதுவும் 10க்குக் கீழே வந்தால், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதைப் பரீட்சை போல நடத்தாமல், பேரப்பிள்ளைகளோடு விளையாட்டாகச் செய்தால் அவருக்கும் மனம் நோகாது.

சர்க்கரை நோயும் உள்ளவர் என்றால் இன்னொன்று. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் இதே தடுமாற்றம் வரும். ஈரல் பழுதானவருக்குச் சர்க்கரை எளிதில் இறங்கும். எனவே குழப்பம் தெரிந்தவுடன் வீட்டில் உள்ள கருவியில் சர்க்கரையைப் பாருங்கள்.

எது தூண்டிவிடுகிறது?

இந்தக் குழப்பம் பெரும்பாலும் ஏதாவது ஒரு தூண்டுதலால் வருகிறது. தூண்டுதலைக் கண்டுபிடித்து நீக்குவதே சிகிச்சையின் பாதி.

மலச்சிக்கல் முதல் காரணம். கழிவு குடலில் தங்கத் தங்க அம்மோனியா கூடுகிறது. அடுத்தது காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, வயிற்றில் கோத்த நீரில் வரும் தொற்று. வயிற்றுக்குள் இரத்தக் கசிவு. வாந்தி, வயிற்றுப்போக்கு, அளவுக்கு மீறிய நீர்மாத்திரை ஆகியவற்றால் உடலில் நீரும் உப்புச் சத்துகளும் குறைவது.

நாமே கடையில் வாங்கிக் கொடுக்கும் மருந்தும் ஒரு காரணம். "தூக்கம் வரலைன்னு சொல்றாரே" என்று தூக்க மாத்திரை கொடுப்பது ஆபத்து. தூக்கம் வராததே நோயின் அறிகுறியாக இருக்கும்போது, அந்த மாத்திரை அவரை மயக்கத்தில் தள்ளலாம். கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக் கசிவையும் உண்டாக்கும். பாராசிட்டமால்கூட மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். 'ஈரலுக்கு நல்லது' என்று விற்கும் லேகியம், சூரணம், சீந்தில் பொடி, கருஞ்சீரக எண்ணெய் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். ஆரோக்கியமான ஈரல் தாங்குவதைப் பழுதான ஈரல் தாங்காது.

லாக்டுலோஸும் ஜும்ஆவும்

இந்தக் குழப்பம் வராமல் தடுக்க மருத்துவர்கள் கொடுக்கும் முக்கிய மருந்து லாக்டுலோஸ் என்ற இனிப்பான சிரப். இது குடலில் அம்மோனியா இரத்தத்தில் சேராமல் தடுத்து, மலத்தோடு வெளியேற்றுகிறது. ஒரு நாளைக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதுதான் குறி. சிலருக்கு ரிஃபாக்சிமின் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள்.

மலச்சிக்கல் மருந்துதானே என்று இதை இலேசாக நினைக்கிறோம். 'இன்றைக்கு ஒருமுறை போய்விட்டதே, போதும்' என்று நிறுத்துகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, கல்யாண வீடு, வெளியூர்ப் பயணம் என்றால் 'நடுவில் வந்துவிட்டால் என்ன செய்வது' என்ற வெட்கத்தில் நோயாளியே மருந்தை விட்டுவிடுகிறார். இரண்டு நாள் கழித்து வீட்டில் சண்டை வருகிறது. சண்டைக்கும் விடுபட்ட மருந்துக்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த வெட்கத்தைப் போக்க வேண்டியது நம் கடமை. நோயாளிக்கு ஜும்ஆ கட்டாயம் அல்ல என்பதில் மார்க்கம் தெளிவாக இருக்கிறது. வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம். உட்கார்ந்தோ படுத்தோ தொழலாம். உளூ நிற்காத நிலையில் உள்ளவருக்கும் சலுகை உண்டு. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் முறையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வரவே விரும்பினால், கழிப்பறைக்கு அருகில் நாற்காலி போட்டு இடம் ஒதுக்கித் தர ஜமாஅத்தார் முன்வர வேண்டும்.

மருந்து அதிகமாகி நாளைக்கு ஐந்தாறு முறை தண்ணீராகப் போனால் அதுவும் ஆபத்து. உடம்பின் நீர் வற்றினாலும் குழப்பம் வரும். அப்போது நாமாக மருந்தை அடியோடு நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும்.

உணவும் நோன்பும்

'ஈரல் நோயாளிக்குப் புரதம் ஆகாது, கஞ்சி மட்டும் போதும்' என்ற பழைய எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. இது தவறு. ஈரல் பலவீனமானவரின் தசை வேகமாகக் கரைகிறது. தசையும் அம்மோனியாவைச் சுத்தம் செய்ய உதவுவதால், தசை கரைந்தால் குழப்பம் கூடும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது இப்போதைய வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் எல்லாம் சேர்க்கலாம். அளவை மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வேளை வயிறு நிறைய என்பதைவிட, ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது. படுக்கும் முன் ஒரு சிற்றுணவு அவசியம். பாலோடு இரண்டு ரொட்டித் துண்டு, அல்லது ஒரு கிண்ணம் அவல். இரவெல்லாம் வெறும் வயிறாக இருந்தால் உடல் தன் தசையையே எரிக்கும்.

வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும். நாள் முழுவதற்கும் எல்லா உணவிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்பு, சுமார் 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரித் தின்பண்டங்கள், கடை பிரியாணி ஆகியவற்றில் நம் கண்ணுக்குத் தெரியாத உப்பு நிறைய இருக்கிறது. தினமும் காலையில் எடை பார்த்து அதே நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை வேகமாக ஏறினால் அது சதை அல்ல, நீர்.

இப்போது ரமளான் நோன்பு. நோய் முற்றியவர் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் உண்ணாமல், நீர் அருந்தாமல், பகல் மருந்தை விட்டு இருப்பது மேலே சொன்ன தூண்டுதல்கள் அத்தனையையும் ஒன்றாக வரவழைப்பதாகும். நோயாளிக்கு நோன்பில் விலக்கு அளித்திருப்பது குர்ஆன். குணமாகும் எதிர்பார்ப்பு இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் பகரமாக ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா முறையும் உண்டு. "எல்லாரும் நோன்பு வைக்கிறாங்க, நான் மட்டும் சாப்பிடவா" என்று அவர் அழுதால், இந்தச் சலுகையும் அல்லாஹ்வின் ரஹ்மத்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் எதிரே உண்ண வெட்கப்பட்டால் தனியாக ஓர் இடத்தில் உணவு வையுங்கள்.

வாயில் வரும் வார்த்தைகள்

குழப்பத்தில் இருப்பவர் வாயில் என்ன வார்த்தையும் வரலாம். மனைவியின் குடும்பத்தை இழுத்துப் பேசுவார். சந்தேகப்படுவார். 'இந்த வீட்டை விட்டுப் போ' என்பார். தெளிந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் நினைவே இருக்காது. அந்த நேரத்தில் எதிர்வாதம் பண்ணுவதில் பயனில்லை. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசுங்கள். விளக்கைப் போடுங்கள். கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். கை ஓங்கும் நிலை வந்தால் நீங்கள் தள்ளி நின்று வேறு ஆளை அழையுங்கள். பொறுமை என்பது அடி வாங்கிக்கொண்டு நிற்பது அல்ல.

தலாக் போன்ற வார்த்தை வந்துவிட்டால், அதை வைத்து உறவினர்கள் பஞ்சாயத்து கூட்ட வேண்டாம். சுயநினைவு தவறியவர் தம் சொல்லுக்குப் பொறுப்பாளி அல்லர் என்பது ஃபிக்ஹில் அறியப்பட்ட அடிப்படை. அன்றைய நிலை என்ன என்பதை மருத்துவச் சீட்டுகளோடு ஒரு தகுதியுள்ள ஆலிமிடம் காட்டித் தெளிவு பெறுங்கள். இதே காரணத்தால், குழப்பம் உள்ள நாட்களில் அவரிடம் பத்திரம், காசோலை, கடன் சீட்டு எதிலும் கையெழுத்து வாங்கக் கூடாது. அப்படி வாங்குவது அவருக்கும் வாரிசுகளுக்கும் செய்யும் அநீதி. வஸிய்யத்தும் கொடுக்கல் வாங்கல் கணக்கும் தெளிவாக இருக்கும் நாளில், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும்.

வண்டிச் சாவியையும் அன்போடு வாங்கி வையுங்கள். பார்க்கத் தெளிவாக இருப்பவருக்கும் சாலையில் முடிவெடுக்கும் வேகம் குறைந்திருக்கும்.

உடனே மருத்துவமனைக்கு

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

– எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, ஆளைத் தெரியவில்லை.
– இரத்த வாந்தி, அல்லது தார் போலக் கறுத்த மலம்.
– காய்ச்சல், வயிற்று வலி.
– சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது.
– மருந்து கொடுத்தும் ஒரு நாளாக மலம் போகவில்லை, பேச்சும் குழறுகிறது.

அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ, பாலோ, ஸம்ஸமோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நோட்டையும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஓதுவதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆம்புலன்ஸில் உட்கார்ந்தும் ஓதலாம்.

ஒருமுறை இப்படிக் குழப்பம் வந்து தெளிந்துவிட்டால், ஈரல் மாற்று சிகிச்சைக்கு இவர் தகுதியுள்ளவரா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் அது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு உதவி உண்டு. மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் விசாரியுங்கள். கணவனோ மனைவியோ தன் ஈரலில் ஒரு பகுதியைத் தரச் சட்டம் அனுமதிக்கிறது. ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1988இல் நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றை அனுமதித்தது. மாற்றுக் கருத்துள்ள ஆலிம்களும் உண்டு என்பதால் கேட்டறிந்து முடிவெடுங்கள். கொடுப்பவருக்கும் அது பெரிய அறுவை சிகிச்சை. 'நீதானே மனைவி, நீதான் கொடுக்கணும்' என்று எந்தப் பெண்ணையும் நெருக்கக் கூடாது.

கவனிப்பவரையும் கவனிப்போம்

இரவும் பகலும் மாறிப்போன ஒருவரைக் கவனிப்பவர் எப்போது தூங்குவார்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. வாரத்தில் இரண்டு இரவாவது மகனோ, கொழுந்தனாரோ, நாத்தனாரோ விழித்திருந்து அவரைத் தூங்கவிட வேண்டும். பார்க்க வருபவர்கள் பழமும் பிஸ்கட்டும் வாங்கி வருவதைவிட, "நாளைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நான் நிற்கிறேன்", "பிள்ளையை மதரஸாவிலிருந்து நான் கூட்டி வருகிறேன்" என்று சொன்னால் அது பெரிய ஸதகா. நோய்க்கு யார் காரணம் என்று பேசாமலிருப்பதும் ஸதகாதான்.

வீட்டில் சேர்ந்து பேசுவதற்கு

1. சென்ற மாதத்தில் நம் வீட்டு நோயாளியிடம் நாம் 'குணம்' என்று நினைத்தவற்றில் நோயாக இருக்கக் கூடியவை எவை?
2. லாக்டுலோஸ் எந்த நாட்களில் விடுபடுகிறது? ஏன்?
3. இரவில் 108 அழைக்க வேண்டி வந்தால் உடன் போவது யார்? பிள்ளைகளோடு இருப்பது யார்?
4. கவனிப்பவருக்கு இந்த வாரம் ஓய்வு கொடுப்பது யார்?

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்போருக்குப் பொறுமையையும் தூக்கத்தையும், பார்க்கச் செல்லும் எங்களுக்கு நல்ல நாவையும் தருவாயாக! ஆமீன்.